மூடி போட்ட வாளி

மகன் எடுத்த வாந்தியை பிரமிளா வாளியில் பிடித்து, மூடி போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கழிவறையில் ஊற்றினால் தீர்ந்தது கதை. எந்த வீட்டில் காய்ச்சல் என்று, உள்ளே பொருத்திய கருவி வழியாகச் சாக்கடையே மாநகராட்சிக்குச் சொல்லிவிடும். போன மாதம் காய்ச்சல் என்று மாடி வீட்டுக் குழந்தையைத் தூக்கிப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா கதவைத் தட்டினாள்.

“என்னக்கா, நாத்தம் கொடலப் புடுங்குது. சாக்கடை அடைச்சிருக்கா?”

“செத்த எலிடி. நான் பாத்துக்கறேன்.”

“நீங்க எதுக்குக்கா கஷ்டப்படணும்? உங்க பேர்லயே புகார் போட்டுட்டேன். இப்பல்லாம் உடனே வந்துடறாங்க.”

தெருமுனையில் மாநகராட்சி வண்டியின் பாட்டு கேட்டது. உள்ளே மகன் மறுபடி குமட்டினான். பிரமிளா ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.