உள்ளங்கைச் சுருதி

சீக்வென்சர் பெட்டியின் திருகாணியை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பினாள்.

மீட்டரில் மூன்று வோல்ட். புள்ளிக்குப் பிறகு இரண்டு சைபர். சரி என்றது மீட்டர். அதற்கு என்ன தெரியும், அதற்கும் காது இல்லை.

சீக்வென்சர் தானாகப் பாடாது. எந்தச் சுரம் என்பதை வோல்ட் கணக்கில் சொல்லி அனுப்பும். பக்கத்திலிருக்கும் சிந்தசைசர் அதை வாங்கி இரண்டு குரலில் பாடும். இரண்டு வயர்களில் போகும் வோல்ட்டில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் போதும், இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று உரசும்.

எட்டு வருடமாக இந்தத் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பியவள். சித்திரையில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது.

மாலை ஆறு மணிக்கு, அதற்குப் பிறகான முதல் மேடை.

இன்று தன் கையால் சுருதி சேர்க்க முடியாவிட்டால் இனி மேடை ஏறுவதில்லை. காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கணவனிடம் சொல்லியாயிற்று. சொன்னால் சொன்னதுதான், அவள் ரகம் அப்படி.

கணவன் எழிலன் மேடையோரம் நின்றான். அவனைப் பாடச் சொன்னால் அரங்கம் காலியாகிவிடும். ஆனால் பாம்புக் காது.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றாள். காது போனதிலிருந்து குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் வருகிறது. "உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக்கொடுத்துடுது."

அவன் திரைச்சீலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஒரு தாழ்ந்த சுரத்தை ஓடவிட்டு, இடது உள்ளங்கையை ஸ்பீக்கரின் மேல் வைத்தாள்.

அதிர்வு வீங்கியது, வடிந்தது. வீங்கியது, வடிந்தது.

குரல்கள் சேரவில்லை.

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பினாள். வீக்கம் மெதுவானது. இன்னும் மெதுவானது.

அவனுக்குக் கேட்டது. இதோ, இதுதான், நிறுத்து.

அவள் கை நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. மறுபடி உரசல்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்வதென்றால் எழுதித்தான் காட்ட வேண்டும். ஆனால் தோளை ஒரு தரம் குலுக்கினாலே அவளுக்குப் போதும். குலுக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்காக இவ்வளவு கஷ்டமான எதையும் அவன் செய்ததில்லை.

தாண்டிவிட்டதை அவள் கை கண்டுபிடித்தது. பின்னால் வந்தாள், துளித் துளியாக.

ஒரு வீக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு. பிறகு இரண்டு மூச்சு.

பிறகு வடியவே இல்லை.

கையை எடுக்காமல் பத்து எண்ணினாள். நம்பாமல் இன்னொரு பத்து.

"இப்ப திரும்பு."

அவன் திரும்பவில்லை.

"எழில்? சரியா வரலையா?"

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்க நனைந்தது. இந்த முகத்தைப் பார்த்தால் சேரவில்லை என்று தப்பாகத்தான் படிப்பாள். ஒரு நிமிடம் கொடு, ஒரே ஒரு நிமிடம்.

பின்னால், திருகாணியின் தலையில் ஸ்க்ரூடிரைவர் மறுபடி போய் உட்காரும் சத்தம் கேட்டது.

நனைந்த முகத்தோடே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.