வைஃபை கைக்கு வந்த பதில்

பாட்டு வகுப்புக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் சுருதி கரகரத்தது, விட்டு விட்டு வந்தது.

"இந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றாள் டீச்சர் தமயந்தி.

ஸ்பீக்கர் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரிடம் பதறியது. "அண்ணே, ஏன் சுருதியைத் துண்டு துண்டாத் தர்றீங்க? பழி என் மேல விழுதே!"

"நான் என்னப்பா செய்வேன்? உன்கிட்ட நீட்டுறப்பல்லாம் வைஃபையை இயக்குற புரோகிராம், அதான் இந்த வைஃபை டிரைவர், என் கையைப் பிடிச்சு இழுத்து, ‘சிக்னல் வந்துச்சா அண்ணே?’ன்னு கேக்குறான். விட்டாத்தானே!"

"ஒரு வார்த்தை கேட்டது குத்தமா?" என்றது வைஃபை டிரைவர்.

தமயந்தி, ‘கம்ப்யூட்டரில் ஒலி கரகரப்பது ஏன்?’ என்று இணையத்தில் தேடினாள். ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது.

பதில் முதலில் வைஃபை டிரைவர் கைக்குத்தான் வந்தது. அது பிரித்துப் படித்தது: ‘வைஃபை டிரைவரை நிறுத்திப் பாருங்கள்.’

"பதில் வந்துடுச்சா?" என்று தவித்தது ஸ்பீக்கர்.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தமயந்தியின் கை ஸ்பீக்கர் வயரைப் பிடித்தது.

"இன்னும் வரலையே தம்பி," என்றது வைஃபை டிரைவர். "சிக்னல் சரியில்லை."