மூணாவது ஓட்டை

"எல்லாருக்கும் மூணு ஓட்ட, எம்பொண்ணுக்கு மட்டும் ரெண்டா? இன்னா பாய் நியாயம் இது?"

தனசேகரன் காலையிலிருந்து இடஒதுக்கீட்டு ஆர்ப்பாட்டத்தில் நின்று கத்திவிட்டு, நேராக காஜாவின் கடைக்கு வந்திருந்தார். பங்கு கேட்டுப் பழகிய வாய், பந்துக் கடையில் மட்டும் சும்மா இருக்குமா?

கள்ளக்குறிச்சியில் பௌலிங் ஆட இடம் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்க இரண்டே இரண்டு பாதை. பந்துக்கு விரல் துளை போடுகிற காஜாவின் கடை அதை ஒட்டினாற்போல.

நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே பழகிய சந்தியாவுக்கு நாளை மறுநாள் சென்னையில் மாநில அணித் தேர்வு. அதில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. மகளுக்குச் சொந்தப் பந்து வாங்கத்தான் அப்பா வந்திருந்தார்.

முதல் சண்டை பந்தைப் பற்றியே நடந்தது. அவர் கைவைத்தது நீலமும் ஊதாவுமாக மின்னிய பந்தில். காஜா எடுத்து வைத்ததோ ஒரு மொட்டைக் கறுப்புப் பிளாஸ்டிக் பந்து.

"சென்னையில பாதைக்குப் பூசற எண்ண கம்மிண்ணே, தர காஞ்சி கெடக்கும். பாப்பா கட்டவெரல உள்ள வுடாம போடறதால சுத்து ஜாஸ்தி. நீங்க எடுத்தது தரயப் புடிச்சிக்கினு ஒரேடியா வளைஞ்சி, ஓரத்துப் பள்ளத்துல போய் வுழும். இது அடங்கிப் போவும்."

தனசேகரன் அரைமனதாகத் தலையாட்டினார். காஜா இரண்டு விரலுக்கு மட்டும் குறி வைத்து முதல் துளையைப் போட்டு முடித்தபோதுதான் இந்த இரண்டாவது சண்டை வெடித்தது.

காஜா விதியைச் சொல்லிப் பார்த்தார். துளை இருந்தால் அதில் விரல் இருந்தாக வேண்டும். காலியாக விட்டு வீசினால் அந்த வீச்சே செல்லாது.

"அப்ப வெரல வுட்டே போடட்டும். டிவில பாத்தேன், பெரிய பெரிய ஆளுங்கல்லாம் மூணு வெரல்லதான் போடறானுங்க. இவளுக்கு மட்டும் இன்னா ஸ்டைலு?"

பக்கத்தில் நின்ற சந்தியா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பணம் கொடுக்கிறவரிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? காஜா மூன்று துளை போட்ட ஒரு பழைய பந்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கட்டவெரல உள்ள வுட்டு மடக்கும்மா, அளவு பாத்துக்கறேன்."

விரல் உள்ளே போனது. ஆனால் அவள் மடக்கவில்லை.

"அட மடக்குடி! வீம்பு புடிக்காத." தனசேகரன் மகளின் கையை வெளியே இழுத்து, தானே கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். சந்தியா பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல் குச்சி மாதிரி விறைத்தே நின்றது.

"அது மடங்காதுப்பா."

"ஏன்? எதுல அடிபட்ட?"

"மாநாட்டுக்குப் போனமே, அன்னிக்கு. நீ கோஷம் போட்டுக்கினே டிராக்டர் பொட்டிக் கதவ சாத்துனியே."

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. கொடி, கூட்டம், வழியில் குடித்த மோர், மகள் கையில் சுற்றிய ஈரத்துணி. ஐயோ, எல்லாமே நினைவிருந்தது.

"ஆறிப்போச்சின்னு சொன்னியேம்மா!"

"ஆறிப்போச்சி. மடங்கல. மூணு வருசமாச்சி, நீ கேக்கவே இல்ல."

தனசேகரனால் பிடித்த விரலை விடவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

காஜா கறுப்புப் பந்தை இரண்டாவது துளைக்குத் திருப்பி வைத்தார்.