மைனா எழுதிய தேர்வு

பனி மிதக்கும் ஓர் ஏரியில் பறவைகளின் சபை ஒன்று இருந்தது. அங்கே பிரசங்கம் செய்துவந்தவர் தீத்து என்ற வெள்ளைக் கொக்கு. போதகர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பெர்சியாள் என்ற மைனா ஒருநாள் அவரிடம் வந்தாள். ஒரு போதகரையாவது நன்றாகப் பேசவைத்தால்தான் அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

"சில வாரமாக எனக்கு வார்த்தையே வரவில்லை அம்மா. சபை தூங்குகிறது" என்றார் கொக்கு.

"இப்படிப் பேசிப் பாருங்கள் ஐயா" என்று மைனா அவர் குரலிலேயே ஒரு பிரசங்கம் செய்தாள். ஏரியே கிறங்கிப்போனது.

கொக்கு தலைகுனிந்தார். "ஞாயிற்றுக்கிழமை நீயே பேசு. நான் எங்காவது போய்விடுகிறேன்."

மைனாவுக்குச் சான்றிதழ் மறந்தே போயிற்று. அவர் அருகே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன சொல்லத் தோன்றுகிறது ஐயா?"

பனி இருவர்மீதும் ஊர்ந்து போனது. மேகங்கள் தண்ணீருக்குள் மெல்ல நகர்ந்தன. அவ்வளவு நேரம் மைனா வாய்மூடி இருந்ததே இல்லை. வெயில் ஏறிய பிறகு கொக்கு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"அதையே சொல்லுங்கள்" என்றாள் மைனா.

ஞாயிற்றுக்கிழமை வாத்துகள் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டன. கொக்கு முன்னால் வந்து நின்றார்.

"அன்பானவர்களே, இப்போதெல்லாம் நான் ஜெபிக்கும்போது கேட்க யாருமே இல்லாததுபோல் இருக்கிறது. எனக்குப் பயமாயிருக்கிறது."

வாத்துகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு வாத்து மெதுவாகச் சொன்னது:

"எனக்கும்தான் ஐயா."