தூக்காத கை

"ஒரே ஒரு தடவை கை தூக்கணும். அதுகூடவா உங்களால முடியாது, கவுன்சிலரம்மா?"

மண்டல அலுவலக வராந்தாவில் நின்று ஜூட் கேட்டார். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது.

பிரேமலதா கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "முடியாதுண்ணே. உங்க தீர்மானம் வரும்போது நான் கூட்டத்துலயே உட்கார மாட்டேன். காரணம் மட்டும் இப்பக் கேட்காதீங்க."

ஜூட் பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஜென்சி பிசியோதெரபிஸ்ட். பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளைகளுக்கு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பயிற்சி கொடுக்கிறாள். அவர்கள் பிடித்துக்கொண்டு நடை பழகும் இரும்புக் கம்பிகளை ஜூட்தான் பற்றவைத்துக் கொடுத்தார். சமயபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். மழை வந்தால் கொட்டகை முழுக்க ஒழுகும்.

ஸ்ரீரங்கம் மேலூரில் மாநகராட்சிக் கட்டடம் ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு ஜென்சி மனுப் போட்டாள். ஒரு ஒப்பந்தக்காரர் தன் சாமான்களைப் போட்டுவைக்க அதே கட்டடத்தைக் கேட்டார். யாருக்கு என்று இன்றைக்கு மண்டலக் குழு முடிவு செய்யும். மற்ற உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் சரிசமம். பிரேமலதா கை தூக்கினால் ஜென்சிக்குக் கிடைத்துவிடும்.

போன தேர்தலில் இதே பிரேமலதாவுக்காக, கொளுத்துகிற வெயிலில் தெருத் தெருவாக நடந்தவர் ஜூட்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க ஏதாவது பேசிட்டாங்களாம்மா?"

பிரேமலதா நிமிர்ந்து பார்த்தார். "அப்படியாண்ணே என்னை நினைக்கிறீங்க?"

"நினைக்கக் கூடாதுன்னுதான் பார்க்கிறேன்."

ஜென்சி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா. அவங்க செய்யறது சரிதான்."

"எது சரி? அந்தப் பிள்ளைங்க நனையறதா?"

அவள் பிடித்த கையை விடாமல் அவரை உள்ளே அழைத்துப்போனாள்.

கூட்டம் தொடங்கியது. ஜூட்டும் ஜென்சியும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேலூர் கட்டடத் தீர்மானம் வாசிக்கப்பட்டதும் பிரேமலதா எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த மனுவுல என் குடும்பத்தோட நலன் கலந்திருக்கு. அதனால நான் பேசவும் மாட்டேன், ஓட்டுப் போடவும் மாட்டேன். காரணத்தை எழுதி, கவர்ல போட்டு ஒட்டி உங்ககிட்டக் கொடுத்திருக்கேன்."

"என்னம்மா குடும்பம்? அவங்க மாதா கோயில், நீங்க பெருமாள் கோயில்!" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. பிரேமலதா யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஜூட்டுக்கு வாய் கசந்தது. கழன்றுகொள்வதற்கு இப்படியும் ஒரு பொய்யா?

தலைவர் கை தூக்கச் சொன்னார். ஜென்சிக்கு ஆதரவாக எழுந்த கைகளை ஜூட் எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எதிர்வரிசையில் கவுன்சிலர் நஸ்ருல்லா மெதுவாகக் கையை உயர்த்தினார். அவர் ஒப்பந்தக்காரர் பக்கம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

"காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, எட்டு வயசுப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஏற முடியாம தவிச்சாங்க. பிள்ளையை நான் வாங்கிக்கிட்டேன். எங்க போறீங்கன்னு கேட்டா, ஜென்சி டாக்டர்கிட்டன்னாங்க" என்றார், தூக்கிய கையை இறக்காமல்.

அந்த ஒரே ஒரு கையால் தீர்மானம் நிறைவேறியது.

மாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் ஜூட் எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது, பிரேமலதா வாசலில் வந்து நின்றார்.

"எங்களுக்குக் கிடைச்சிடுச்சும்மா" என்றார் ஜூட், இறுக்கமாக. "இனிமே உங்களுக்குச் சிரமம் இல்ல."

"அதனாலதாண்ணே இப்ப வந்தேன். நேத்தே வந்திருக்கணும். ஆனா நேத்து என் கையில ஓட்டு இருந்துச்சு. ஓட்டை வச்சுக்கிட்டு உங்க வீட்டுப் படியேறி ஒண்ணைக் கேட்டா, மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வருமா? இன்னிக்கு என் கையில ஒண்ணுமில்ல. பிடிக்கலைன்னா தாராளமா மாட்டேன்னு சொல்லலாம்."

ஜூட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்ககிட்டக் கேட்கறதுக்கு என்னம்மா இருக்கு? உங்க குடும்பத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ஜென்சி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் ஜூட் கவனித்தார். வெளியே கேட்டுக்கு அப்பால் பிரேமலதாவின் மகன் சித்தார்த், உள்ளே வரத் துணிவில்லாமல், வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தான்.

"நாலு வருஷமா ரெண்டு பேரும் உங்களுக்குப் பயந்துகிட்டு இருந்திருக்காங்க. எனக்கே நேத்துதான் தெரியும்" என்றார் பிரேமலதா. இத்தனை தேர்தல் மேடைகளில் நடுங்காத அவர் குரல் இப்போது நடுங்கியது. "உங்க பொண்ணை எங்க வீட்டுக்குத் தருவீங்களாண்ணே?"

ஜூட் மகளைப் பார்த்தார். கேட்டருகே நின்றவனைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல உள்ள வந்து உட்காருங்க, சம்பந்தியம்மா."