நான்கடிக் கடல்

கடலைத் தன் வீட்டுக்குள் அழைத்துவந்த மனிதனை உலகம் எளிதில் மறந்துவிடாது.

என் சகலை அழைத்துவந்தார். டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில், நான்கடி நீளத்தில், பிளக் சொருகி.

சகலை டைல்ஸ் கடைக்காரர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இதை அவருடைய தொந்தி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

தொட்டிக்கு மேலே குடும்பப் படம் தொங்குகிறது. பெரிதாக்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டச் சொல்லிவிட்டார். ஓரத்தில் நின்றவன் நான். மாமனாரின் நாற்காலியைப் பிடித்திருக்கும் என் இடது கை மட்டும் தப்பித்திருக்கிறது.

“ஃபிரேமுக்கு அடங்கல சகலை. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் அன்று. மாமனார் வீடே சிரித்தது.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் ஐந்து வாரம் தொட்டியில் உப்புத் தண்ணீரும் மணலும் கல்லும்தான். தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்று மீன்கடைக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆறாவது வாரம் இரண்டு ஆரஞ்சு மீன்கள் வந்து இறங்கின. அன்றோடு கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சகலை. கடலைப் பற்றி இனி தனக்குத் தெரிய வேண்டியது எதுவும் பாக்கி இல்லையாம்.

உப்பை அளக்கும் கருவி இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அவர் கண்ணாலேயே அளப்பவர்.

தொட்டியில் தினமும் ஒரு விரற்கடை தண்ணீர் குறையும். சகலை ஒரு ஜக்கில் உப்புப் பொடியைக் கரைத்து, அபிப்பிராயம் சொல்வதுபோல நிதானமாக ஊற்றி நிரப்புவார்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போவதில்லை. வெறும் நல்ல தண்ணீரை ஊற்றினால் போதும். இது தெரியாமல் மூன்று வாரமாக அந்தக் கடலை ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரமே கவனித்துவிட்டேன். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாமனார் குடும்பம் மொத்தமும் கடல் பார்க்க வருகிறது. அவர்கள் முன்னால் இரண்டு மீனும் மல்லாந்து மிதக்க வேண்டும். அதுவரை ஒருநாள்கூட முந்திவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

இன்று வெள்ளி. நிலவரம் பார்க்க வந்திருந்தேன்.

மீன்கள் அடிமணலை ஒட்டிக் கிடந்தன. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா, எவ்ளோ அமைதி!” என்றார் சகலை. “வீட்டு ஆளுங்களோட பழகிடுச்சுங்க.”

“அத்தான், நீங்களாவது கேளுங்க” என்று சமையலறையிலிருந்து கொழுந்தியாள் குரல் கொடுத்தாள். “என்கிட்ட பேசி மூணு நாளாச்சு. அதுங்ககிட்ட குட்நைட் சொல்லிட்டுத்தான் படுக்கிறாரு.”

சகலை சிரிக்கவில்லை. ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அருகில் குனிந்தார். பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

அவர் முகத்தில் இதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. பயம்.

“நான் சரியாத்தானே செய்றேன்?” என்று மெல்லக் கேட்டார். சமையலறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல.

ஒரு வார்த்தை போதும். குழாயைக் காட்டினாலே போதும்.

நான் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என் கை தனியாக நின்றது.

“பிரமாதம்” என்றேன். “தினமும் விடாம ஊத்துங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு ஜக்கா ஊத்துங்க, பாக்க இன்னும் நல்லாருக்கும்.”

சகலையின் தோள் தளர்ந்தது. மூச்சு விட்டார். ஒரு சொட்டு சிந்தாமல் ஜக்கைச் சாய்த்தார்.

“சரிங்க சார்” என்றார்.

‘சார்’ என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை. பழைய பழக்கம்.

ஏழாம் வகுப்பில் அவருக்கு அறிவியல் எடுத்தவன் நான். ஆவியாதல் பாடத்தை, பரீட்சைக்கு வராது என்று சொல்லி, நான் நடத்தவில்லை.