பால் குடிக்கும் கல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காலை வெயில் பட்டறைப் பலகைமேல் சாய்ந்து விழுகிறது. நகையில் பதிக்கும் முன் தோஷம் கழியக் கல்லைப் பாலில் போடுவது வைத்தியலிங்கப் பத்தரின் வழக்கம். தாயாரம்மாள் வீட்டிலிருந்தே, பிள்ளைக்குப் புகட்டிய வெள்ளிப் பாலாடையில் பால் கொண்டுவந்திருக்கிறாள். அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. கல்லை அனுப்பியவன் ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்டும் அவள் தம்பி. "ஓப்பலில் நிறம் விளையாடுவது ஒரு ரகம், வெறுமனே வெளுத்துக் கிடப்பது ஒரு ரகம். இது அபூர்வம். மணற்சத்து கரைந்த நீர் மண்ணுக்குள் ஏதோ எலும்பில் ஊறி, எலும்பு கரையக் கரைய அதன் வடிவத்திலேயே இறுகிக் கல்லானது" என்று எழுதியிருக்கிறான். பத்தர் அதைப் பாலில் விடுகிறார். விரற்கணு அளவுதான், பாதி வெளியே தெரிகிறது. அதிலிருந்த பச்சையும் சிவப்பும் மெல்ல அணைகின்றன. பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுகின்றன. உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருக்கிறது. விளிம்பிலிருந்து பால் ஒரு நெல்லளவு இறங்கிவிட்டது. பத்தர் இடுக்கியை எடுக்கிறார். "கல்லு பாலக் குடிக்குதும்மா, எடுத்துடறேன்." இடுக்கியோடு நீண்ட அவர் கையை அவள் பிடித்துக்கொள்கிறாள். மார்பில் சேலை நனைந்திருக்கிறது. "இருங்கண்ணே," என்கிறாள், "இன்னும் பசி அடங்கல."